கால் பிரண்ட பிறகு: கிளிநொச்சிக் கரப்பந்தாட்டக் களத்துக் குறிப்புகள்

யூன் 3
தடுக்க எழும்பியவர் வலைக்குக் கீழே எதிரணிக்காரரின் பாதத்தில் இறங்கினார். கால் உள்ளே பிரண்டு வெளிப்பக்கம் வீங்கிவிட்டது. முதலில் பார்க்க வேண்டியது எலும்பை. கணுக்காலின் இருபக்கமும் புடைத்து நிற்கும் எலும்புகளின் பின்விளிம்பை, நுனியிலிருந்து 6 செ.மீ. மேல்வரை அமர்த்திப் பார்க்கவும். சின்னவிரல் பக்கம் பாதத்தின் நடுவில் துருத்தும் எலும்பையும் அப்படியே. அங்கே நொந்தாலோ, நாலு அடி வைக்க முடியாவிட்டாலோ ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்காமல் எதுவும் தொடங்கக்கூடாது.

எலும்பு தப்பியிருந்தால் கட்டுப்போட்டு, காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் பிடிக்கலாம். எண்ணெய் போட்டு உருவுவதும் சுடுதண்ணி ஒத்தடமும் முதல் மூன்று நாளைக்கு வேண்டவே வேண்டாம். வீக்கம் கூடும்.

யூன் 7
பெருவிரலால் காற்றில் அ முதல் ஔ வரை எழுதுதல், நாளுக்கு மூன்று தரம். நம் எழுத்துகளின் சுழிகள் மூட்டை எல்லாத் திசைக்கும் திருப்பும். நோவு தாங்குமளவுக்கு நடக்கலாம், நொண்டாமல்.

யூன் 15
இனிப் பழைய சைக்கிள் ரியூப். வால்வு உள்ள துண்டை வெட்டி எறியுங்கள், அந்த இடத்தில்தான் கிழியும். மிச்சத்தை நீளவாட்டில் பிளந்தால் இழுக்க இலகு. ஒரு முனையை மேசைக்காலில் கட்டி, மறுமுனையை விரல்களுக்குச் சற்றுக் கீழே பாதத்தில் மாட்டி, நல்ல கால் பக்கம் மேசைக்கால் இருக்கும்படி கதிரையில் இருக்கவும். குதி நிலத்தில். பாதத்தை வெளிப்பக்கம் தள்ளி, எண்ணி நாலில் மெதுவாகத் திரும்ப விடவும். 15 தரம், மூன்று சுற்று.

எல்லாரும் விடும் பிழை, முழங்காலைச் சேர்த்துச் சுழற்றுவது. அப்போது வேலை செய்வது தொடை. கெண்டையின் வெளிப்பக்கத் தசைக்கு ஒன்றும் கிடைக்காது. கால் உள்ளே பிரளாமல் இழுத்துப் பிடிப்பது அந்தத் தசைதான். முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு செய்தால் பிழை வராது. திரும்ப விடுவதை அவசரப்படுத்தினாலும் பாதிப் பயன் போய்விடும்.

யூன் 24
நோவு போய்விட்டது, விளையாடலாமா என்று கேட்கிறார்கள். இல்லை. எலும்புகளைப் பிணைக்கும் சவ்வு பிய்யும்போது, பாதம் எந்தப் பக்கம் சரிகிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகளும் பழுதாகின்றன. அந்த உணர்வைத் திரும்பப் பழக்காத கால்தான் மறுபடி மறுபடி பிரளும்.

வெறுங்காலோடு, சுவரருகே, ஒற்றைக்காலில் 30 விநாடி. விரல்கள் நிலத்தைக் கவ்விப்பிடித்தால் அது சமநிலையல்ல, விரலைத் தளர்த்தவும். ஆடாமல் நின்றால் கண்ணை மூடி. அதுவும் சரியென்றால் மடித்த சாக்கின் மேல் நின்று பந்தைச் சுவரில் எறிந்து பிடிக்கவும். காலையில் பல் விளக்கும் நேரத்தையும் இதற்கு விடலாம்.

யூலை 3
படியில் முன்பாதத்தை வைத்துக் குதியை உயர்த்தி இறக்குதல். முதலில் இரு காலில், பிறகு ஒற்றைக்காலில்.

யூலை 16
சுவரைப் பார்த்து நின்று, குதி எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடச்சொல்லுங்கள். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையிலான தூரம் இரு காலிலும் ஏறக்குறைய ஒன்றாக வரவேண்டும். ஒற்றைக்காலில் பாயும் தூரமும் அப்படியே. பிறகுதான் வளைந்து ஓடுதல், கடைசியாகத் தடுப்புப் பாய்ச்சல்: வலையை நோக்கியல்ல, நேர் மேலே எழும்பி இரு காலில் இறங்க.

ஆட்டத்தில் குறைந்தது ஆறு மாதம் கணுக்கால் காப்புப் போடவும். கிரவல் களத்தில் மாட்டுக் குளம்புக் குழிகள் காய்ந்து இறுகியிருக்கும். ஆட்டத்துக்கு முன் மண்வெட்டியால் நிரவி விடுங்கள். ரியூப் பயிற்சி கிழமைக்கு மூன்று நாள், இரு காலுக்கும்.