டிராக் குரல்

எங்கள் ஸ்டூடியோ புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டின் தரைத்தளத்தில் இருக்கிறது. மாதா கோயில் பாட்டு, அம்மன் திருவிழாப் பாட்டு, குறும்பட டப்பிங், தேர்தல் வந்தால் ஆட்டோவில் ஓடவிடும் பிரசாரம், இவைதான் வாடகை கட்ட உதவும் வேலைகள். ராக் பேண்டு என்று யாராவது வந்தால் பெரும்பாலும் ஜூன் மாதமாக இருக்கும். ஜூன் 21ஆம் தேதியை ஒட்டி இங்கே ஃபெத் தெ லா மியூசிக் என்ற இசைத் திருவிழா நடக்கும். அதற்கு முன்னால் சொந்தப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்துகொள்ளக் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள்.

கடலூரிலிருந்து அப்படி ஒரு பேண்டு வந்தது. பாடுவது ஒரு பெண், மற்ற மூன்று பேரும் பையன்கள். தமிழில் அவளே எழுதிய பாட்டு. பல்லவியின் உச்சத்தில் ஓர் இடத்தில் அவள் குரல் சட்டென்று உடைந்து மேலே தாவும். ஒவ்வொரு டேக்கிலும் அதே இடம்தான். கிட்டார் வாசிக்கும் பையன் என் பக்கம் குனிந்து, “அண்ணா, அத மட்டும் மெலோடைன்ல சரி பண்ணிடுங்க” என்றான். பதிவான குரலின் சுருதியைத் திருத்தும் மென்பொருள் அது. நான் பதில் சொல்லாமல் க்ரான்பெர்ரீஸ் பாட்டு ஒன்றை ஸ்பீக்கரில் போட்டேன்.

அயர்லாந்தின் லிமெரிக் நகரத்துப் பேண்டு அது. நோயல் ஹோகன், மைக் ஹோகன் என்ற அண்ணன் தம்பியும் டிரம்ஸ் வாசிக்கும் ஃபெர்கல் லாலரும் 1989இல் தொடங்கியது. அடுத்த வருஷம் பாடகியாகச் சேர்ந்த டோலோரஸ் ஓ'ரியோர்டனுக்கு அப்போது 18 வயது. அவர் குரலும் அப்படித்தான் உடையும். நெஞ்சிலிருந்து வரும் குரல் ஒரு நொடியில் தலைக்குரலாக மாறும், மறுபடி கீழே விழும். 1993இல் இங்கிலாந்தின் வாரிங்டனில் ஐஆர்ஏ என்ற ஐரிஷ் ஆயுதக் குழு வைத்த குண்டுகளுக்கு இரண்டு சிறுவர்கள் பலியானார்கள். அதைப் பற்றி அவர் எழுதிய ‘ஸாம்பி’ பாட்டில் இந்த உடைவை நன்றாகக் கேட்கலாம். இறந்தவர்களுக்காகப் பெண்கள் பாடி அழும் வழக்கம் அயர்லாந்திலும் உண்டு. அதன் சாயல் அவர் குரலில் இருப்பதாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதையெல்லாம் நான் சொல்வதற்கு முன்பே அந்தப் பெண், “எங்க ஆயா சாவு வீட்ல இப்படித்தாண்ணா இழுக்கும்” என்றாள்.

சுருதி திருத்தும் மென்பொருளுக்கு இந்த இழுவை புரியாது. இரண்டு ஸ்வரத்துக்கு நடுவே குரல் வழுக்கும் இடத்தைப் பிழை என்று எடுத்துக்கொண்டு பக்கத்து ஸ்வரத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கும். அழுகை இருப்பதே அந்த வழுக்கலில்தான். கடலூர்ப் பிள்ளைகளின் பாட்டில் நான் கை வைக்கவில்லை.

க்ரான்பெர்ரீஸின் முதல் இரண்டு ஆல்பங்களையும் தயாரித்தவர் ஸ்டீபன் ஸ்ட்ரீட். கிட்டாரைத் துல்லியமாக, மெல்லிய இழையாக ஓடவிட்டுக் குரலுக்கு நடுவில் இடம் விட்டிருப்பார். பின்னால் அடுக்கடுக்காக வரும் குரல்களும் டோலோரஸுடையவைதான். 1996இல் வந்த மூன்றாவது ஆல்பத்தைத் தயாரித்தவர் ப்ரூஸ் ஃபேர்பேர்ன். அதில் கிட்டார் தடித்துவிட்டது. குரல் முட்டி மோதி வெளியே வர வேண்டியிருக்கிறது. விரும்பிக் கேட்பவர்கள் உண்டு. எனக்கு முதல் ஆல்பம்தான்.

ஆனால் என் வேலையையே வேறு மாதிரி பார்க்க வைத்தது அவர்களுடைய கடைசி ஆல்பம், ‘இன் தி எண்ட்’. டோலோரஸ் 2018 ஜனவரி 15இல் லண்டனில் இறந்துபோனார். வயது 46. புது ஆல்பத்துக்காக அவரும் நோயலும் எழுதிக்கொண்டிருந்த பாட்டுகளுக்கு டெமோ குரல் மட்டும் பாடி வைத்திருந்தார். குடும்பத்தின் சம்மதத்தோடு மற்ற மூவரும் ஸ்டீபன் ஸ்ட்ரீட்டிடமே போனார்கள். ஆல்பம் 2019 ஏப்ரலில் வந்தது.

சாதாரணமாக டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் முடிந்த பிறகுதான் பாடுபவர் மைக் முன்னால் வருவார். இங்கே குரல் முதலிலேயே இருக்கிறது, இனி மாறாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடுபவரிடம் பேசும் டாக்பேக் மைக்கில் ‘ஒன் மோர் போலாம்’ என்று சொன்னால் கேட்க ஆள் இல்லை. அவர் எங்கே மூச்சு எடுத்தாரோ அங்கே வாத்தியம் நிற்க வேண்டும். அவர் பாடாமல் விட்ட பின்குரல்களுக்கு ஜொஹானா க்ரானிட்ச் என்ற பாடகியைக் கூப்பிட்டார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் அந்தக் குரல்கள் எவ்வளவு அடக்கமாக ஒதுங்கி நிற்கின்றன என்பது தெரியும்.

இப்படி ஒரு வேலை எனக்கும் வந்தது. பங்குக் கோயில் பாடல் குழுவில் ஓர் அக்கா எங்களுக்கு டிராக் பாடிக் கொடுப்பார். பெரிய பாடகர் வந்து பாடும்போது மெட்டு தெரிவதற்காக முன்கூட்டியே பாடி வைப்பதுதான் டிராக். அசல் குரல் வந்ததும் பொதுவாக அதை அழித்துவிடுவார்கள். அந்த அக்கா இறந்து சில மாதம் கழித்து அவர் மகள் வந்து, “அம்மா பாடினது ஏதாவது இருக்கா அண்ணா?” என்று கேட்டாள்.

இருந்தது. ஒரு பாட்டு முழுசாக. தொடக்கத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, “தம்பி, சுருதி கொஞ்சம் எறக்குப்பா” என்று அவர் கேட்பதுகூட இருந்தது. கீபோர்டு நேராக கம்ப்யூட்டருக்குள் போயிருந்ததால் அக்காவின் குரல் தனியாகக் கிடைத்தது. பின்னால் ஃபேன் சத்தம் கொஞ்சம் கேட்டது. அதைக் குறைத்தால் குரலின் ஓரமும் சேர்ந்து தேய்ந்தது, அதனால் விட்டுவிட்டேன்.

தபலாக்காரர்தான் திண்டாடிப் போனார். தாளம் தப்பாமல் இருக்க ஹெட்ஃபோனில் ஓடும் டிக் டிக் சத்தம், அதாவது கிளிக், இல்லாமல் அக்கா பாடியிருந்தார். சரணத்துக்குள் போகும் முன் ஒரு சொல்லை நீட்டி, அப்புறம் கொஞ்சம் வேகம் பிடிப்பார். கிளிக்கில் நேராக்கித் தரச் சொன்னார் தபலாக்காரர். முடியாது, நீங்கதான் அவங்க பின்னால போகணும் என்றேன். பாட்டு எழுதிய தாளில் அக்கா மூச்சு எடுக்கும் இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொண்டு, சாயங்காலம்வரை வாசித்தார். மகள் இரண்டாம் குரல் பாடினாள். மிக்ஸிங்கில் அதை அம்மாவின் குரலுக்கு ஒரு படி கீழேயே வைத்தேன். அவளும் அதைத்தான் கேட்டாள்.

டிராக் பாட வருபவர்களுக்கு, எந்த மைக்காக இருந்தால் என்ன, மெட்டு தெரிந்தால் போதும் என்பதுதான் தொழிலில் வழக்கம். எங்களிடம் அவர்களுக்கும், குரலின் நுணுக்கத்தைப் பிடிக்கும் நல்ல கண்டென்சர் மைக்தான். கிட்டாரும் குரலும் ஒரே மைக்கில் விழாதபடி பார்த்துக்கொள்வேன். பின்னால் சுத்தமாகப் பிரிப்பது கஷ்டம். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஊரே தண்ணீரில் நின்றது. ஹார்ட் டிஸ்க் பெட்டியைத்தான் முதலில் மாடிக்கு ஏற்றினேன், மிக்ஸர் அதற்குப் பிறகுதான். மிக்ஸர் போனால் கடன் வாங்கி வேறு வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு பிரதி என்னிடம் இருப்பது போதாது என்பதால் இப்போது எந்த பேண்டு வந்தாலும், டிராக் பாட யார் வந்தாலும், கிளம்பும்போது பென்டிரைவ் கேட்கிறேன். அன்று பாடிய எல்லா டேக்கும், செருமல், சிரிப்பு, நடுவில் நின்றுபோனது உட்பட, அதில் போட்டுக் கொடுக்கிறேன். அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.