ஜாங்கோவில் கடைசிக் கமென்ட் வாரியாகப் பதிவுகளை அடுக்குதல்

இணையதளம் கட்ட உதவும் பைத்தான் ஃபிரேம்வொர்க் ஜாங்கோ. அதில் எந்தப் பதிவுக்குக் கடைசியாகக் கமென்ட் வந்ததோ அது பட்டியலில் மேலே நிற்க வேண்டும். இதற்குப் பெரும்பாலும் எழுதப்படும் முதல் வரி:

போஸ்ட்.ஆப்ஜெக்ட்ஸ்.ஆர்டர்_பை('-கமென்ட்ஸ்__கிரியேட்டட்')

எர்ரர் எதுவும் வராது. ஆனால் விடை தப்பு. ஒரு சமையல் தளத்தில் மூன்றே பதிவுகள் என்று வைத்துக்கொள்வோம். ரசத்துக்கு மூன்று கமென்ட், அடைக்கு ஒன்று, புட்டுக்கு ஒன்றுமில்லை. ஆர்டர்_பை கமென்ட் டேபிளை லெஃப்ட் ஜாயின் செய்வதால் (கமென்ட் இல்லாத பதிவையும் விடாமல், ஒவ்வொரு கமென்ட்டுக்கும் ஒரு வரியாக இணைப்பதால்) ஐந்து வரிகள் வரும்; ரசம் மூன்று முறை.

அதே குவெரிசெட்டில் (மேலே எழுதிய கேள்வியில்) கவுன்ட் போட்டால் மூன்று என்றுதான் வரும். எண்ணுவதற்கு வரிசை வேண்டாம் என்று ஜாங்கோ ஆர்டர்_பையைக் கழற்றிவிடுகிறது, அதோடு ஜாயினும் போய்விடுகிறது. பட்டியலைப் பக்கங்களாகப் பிரிக்கும் பேஜினேட்டர் நம்புவது இந்த எண்ணிக்கையை. மொத்தமே மூன்று என்று எடுத்துக்கொண்டு முதல் மூன்று வரிகளோடு வெட்டிவிடும். ரசத்தின் கமென்ட்கள் மூன்றும் புதியவை என்றால், எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் திரையில் ரசம், ரசம், ரசம். அடையும் புட்டும் எந்தப் பக்கத்திலும் கிடையாது.

உடனே ஒரே மாதிரி வரிகளை நீக்கும் டிஸ்டிங்க்ட்டைச் சேர்ப்பார்கள். பலிக்காது. அடுக்கப் பயன்படும் 'கிரியேட்டட்' நெடுவரிசையும் செலக்ட்டுக்குள் வந்துவிடும். மூன்று கமென்ட்டுக்கும் நேரம் வேறு வேறு என்பதால் டேட்டாபேஸுக்கு அவை மூன்றும் தனித்தனி வரிகள்தாம்.

ஒரு பதிவுக்குப் பல கமென்ட் இருக்கும்போது, அவற்றில் எந்த ஒரு மதிப்பை வைத்து அடுக்குவது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். இங்கே நமக்கு வேண்டியது இருப்பதிலேயே புதிய நேரம்:

போஸ்ட்.ஆப்ஜெக்ட்ஸ்.அன்னோடேட்(லாஸ்ட்=மேக்ஸ்('கமென்ட்ஸ்__கிரியேட்டட்'))

இப்போது குரூப் பை (பதிவு வாரியாகத் தொகுத்தல்) வந்துவிட்டதால் பதிவுக்கு ஒரு வரி. இதன்மேல் '-லாஸ்ட்' என்று ஆர்டர்_பை கொடுக்கலாம். லோக்கலில் எஸ்க்யூலைட் வைத்துச் சோதித்தால் சரியாகவே தெரியும். சர்வரில் போஸ்ட்கிரஸ் இருந்தால், கமென்ட்டே இல்லாத புட்டு உச்சியில் போய் உட்காரும். போஸ்ட்கிரஸ் ‘நல்’ (மதிப்பே இல்லாத நிலை) என்பதை எல்லா மதிப்பையும் விடப் பெரியதாக வைத்து அடுக்குகிறது. எஸ்க்யூலைட்டும் மைஎஸ்க்யூஎல்லும் சிறியதாக. அதனால் இப்படி எழுதிவிடுங்கள்:

ஆர்டர்_பை(எஃப்('லாஸ்ட்').டெஸ்க்(நல்ஸ்_லாஸ்ட்=ட்ரூ), '-பிகே')

ஜாங்கோ 1.11 முதலே இந்த வசதி உண்டு. கடைசியில் உள்ள '-பிகே'யை (ஒவ்வொரு பதிவுக்கும் தனியான முதன்மைச் சாவி) விட்டுவிடாதீர்கள். கமென்ட் இல்லாத பதிவுகள் எல்லாமே சமநிலையில் நிற்பவை. அவற்றுக்குள் வரிசை நிலைக்காவிட்டால் ஒரே பதிவு இரண்டு பக்கங்களில் தலைகாட்டும், இன்னொன்று காணாமல் போகும்.

அனுமதித்த கமென்ட்களை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டுமானால் நிபந்தனையை மேக்ஸுக்குள்ளேயே 'ஃபில்டர்=க்யூ(...)' என்று கொடுங்கள் (2.0 முதல்). வெளியே ஃபில்டர் போட்டால் அப்படிக் கமென்ட் இல்லாத பதிவுகள் பட்டியலை விட்டே போய்விடும்.

இதே குவெரியில் லைக் எண்ணிக்கையையும் சேர்த்தால் இரண்டு ஜாயினும் ஒன்றையொன்று பெருக்கும். மூன்று கமென்ட், நான்கு லைக் என்றால் கவுன்ட் 12 காட்டும். கவுன்ட்டை 'டிஸ்டிங்க்ட்=ட்ரூ' காப்பாற்றும். சம் (கூட்டுத்தொகை) என்றால் அதை நம்பக் கூடாது, ஒரே மதிப்பு இரண்டு முறை உண்மையாகவே வந்திருக்கலாம். அந்த இடத்தில் சப்குவெரிதான் (குவெரிக்குள் குவெரி) சரி: வெளிக் குவெரியின் மதிப்பைச் சுட்டும் அவுட்டர்ரெஃப் வழியாகப் பதிவின் பிகேயைக் கொடுத்து, கமென்ட்களை '-கிரியேட்டட்' என்று அடுக்கி, வேல்யூஸில் கிரியேட்டட்டை மட்டும் எடுத்து, [:1] என்று வெட்டுங்கள். கமென்ட் மாடலில் 'போஸ்ட்', '-கிரியேட்டட்' இரண்டும் சேர்ந்த ஒரே இண்டெக்ஸ் வேண்டும்.

ப்ரீஃபெட்ச்சுக்குள் (பதிவுகளின் கமென்ட்களை முன்கூட்டியே எடுத்து வைப்பது) ஆர்டர்_பை கொடுப்பது வேறு வேலை. அது தனிக் குவெரி. ஒவ்வொரு பதிவுக்குள்ளும் கமென்ட்கள் அடுக்கப்படும், பதிவுகள் நகராது.

பதிவுகள் லட்சக்கணக்கில் இருந்தால் சப்குவெரியும் ஒவ்வொரு பதிவுக்கும் ஓடித்தான் ஆக வேண்டும். அப்போது பதிவு டேபிளிலேயே ‘கடைசிக் கமென்ட் நேரம்’ என்று ஒரு நெடுவரிசை வைத்து இண்டெக்ஸ் போடுவதே என் தேர்வு. கமென்ட்டை அழிக்கும்போதும் அதைத் திருத்த வேண்டும். பல்க்_கிரியேட் 'சேவ்' மெத்தடையும் கூப்பிடாது, போஸ்ட்_சேவ் சிக்னலும் அனுப்பாது. மொத்தமாகக் கமென்ட் ஏற்றும் ஸ்கிரிப்ட் இருந்தால் அந்த நெடுவரிசையைப் புதுப்பிக்கும் வரியை அதிலேயே எழுதிவிடுங்கள்.