எழுத்துப் போடும் நேரம்

ஜனவரி 4

'ரோமன் ஹாலிடே' என்ற ஹாலிவுட் படத்தின் புதிய டிஸ்க் வந்திருக்கிறது. என்னிடம் உள்ள பழைய பிரதியில் எழுத்துப் போடும்போது, கதை என்ற இடத்தில் இயன் மெக்லெலன் ஹன்டர் பெயர் வரும். புதியதில் அங்கே, அதை உண்மையில் எழுதிய டால்டன் ட்ரம்போ. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, அந்த ஒரு நொடியில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1953இல் வந்த படம். எழுதியவர் பெயர் திரையில் ஏற எத்தனை காலம்!

ஜனவரி 6

ட்ரம்போ 1905இல் கொலராடோவில் பிறந்தவர். அப்பா இறந்தபின் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் இரவு வேலை. அந்தக் காலத்தில் எழுதிய 88 சிறுகதைகளும் 6 நாவல்களும் திரும்பி வந்துவிட்டன. விடிய விடிய ரொட்டிக்குக் காகிதம் சுற்றிவிட்டு வந்து எண்பத்து ஒன்பதாவது கதைக்கு உட்கார்ந்த மனிதர்!

ஜனவரி 9

1947 அக்டோபர், வாஷிங்டன். கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரா என்ற நாடாளுமன்றக் குழுவின் கேள்விக்குப் பதில் தர மறுத்த பத்துப் பேரில் ட்ரம்போவும் ஒருவர். அவர் உறுப்பினர்தான். ஆனால் அதைக் கேட்கக் குழுவுக்கு என்ன உரிமை என்பதே அவர் பிடித்த பிடி. அடுத்த மாதமே ஸ்டுடியோ முதலாளிகள் இனி வேலை இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள்; அதுதான் கறுப்புப் பட்டியல். ஒரு திரைக்கதைக்கு 75,000 டாலர் வாங்கியவர், திருட்டுத்தனமாக 3,750 டாலருக்கு எழுதினார். பதில் தர மறுத்ததற்காக 1950இல் கென்டக்கியில் சிறை. அங்கே எழுதப் படிக்கத் தெரியாத கைதிகளுக்கு வீட்டுக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தாராம். வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 10

நான் மொழிபெயர்த்த ஒரு நூல் என் பெயர் இல்லாமலே அச்சாகி வந்தது. கூலி ஒழுங்காகக் கிடைத்துவிட்டது. ஆனாலும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த அந்தக் கணம் இன்னும் வலிக்கிறது. அதனால்தான் ஹன்டரை வணங்கத் தோன்றுகிறது. நண்பனுக்காகத் தன் பெயரைத் தந்தார். வந்த பணத்தை ட்ரம்போவிடமே கொடுத்துவிட்டார். பின்னால் அவரும் கறுப்புப் பட்டியலில் சிக்கினார்.

ஜனவரி 14

சிறையிலிருந்து வந்ததும் குடும்பத்தோடு மெக்சிகோ. அங்கே பார்த்த காளைச் சண்டையிலிருந்து பிறந்தது 'தி பிரேவ் ஒன்'. 1957 ஆஸ்கர் மேடையில் அதன் கதாசிரியர் ராபர்ட் ரிச் என்று அழைத்தார்கள். ரிச் வரவில்லை; அவர் சார்பில் ஜெஸ்ஸி லாஸ்கி ஜூனியர் வாங்கிக்கொண்டார். அப்படி ஓர் எழுத்தாளரே கிடையாது. ட்ரம்போ கைக்குச் சிலை வந்தது 1975இல். அடுத்த ஆண்டு இறந்துவிட்டார்.

ஜனவரி 15

குளியல் தொட்டியில் உட்கார்ந்து, குறுக்கே பலகை போட்டு, சிகரெட்டும் கையுமாகத் தட்டச்சுப் பிரதிகளைத் திருத்தும் அவருடைய புகைப்படம் கிடைத்தது. மேசை மேல் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 19

1960இல் 'எக்ஸோடஸ்', 'ஸ்பார்ட்டகஸ்' இரண்டிலும் சொந்தப் பெயர். பத்தாண்டு கழித்து எழுத்தாளர் சங்க விருது மேடையில், அந்தக் காலத்தில் வில்லனும் இல்லை, வீரனும் இல்லை, எல்லோருமே பலியானவர்கள் என்ற பொருளில் பேசினார். என்னால் இதை ஏற்க முடியவில்லை. சக கலைஞர்களைக் குழுவிடம் காட்டிக் கொடுத்தவனையும் சிறைக்குப் போனவனையும் ஒரே தட்டில் வைப்பதா? அந்தப் பத்துப் பேரில் ஒருவராகச் சிறை சென்ற ஆல்பர்ட் மால்ட்ஸும் கோபப்பட்டார். நான் மால்ட்ஸ் பக்கம்.

ஜனவரி 20

'ரோமன் ஹாலிடே' கதைக்கான ஆஸ்கரை 1993இல் ட்ரம்போவின் மனைவி கிளியோ பெற்றுக்கொண்டார். இன்று பழைய டிஸ்க்கின் உறையில் 'கதை: டால்டன் ட்ரம்போ' என்று பேனாவால் எழுதினேன். ஹன்டர் பெயரை அடிக்கவில்லை. அதன் கீழேயே எழுதினேன்.