கேட்டுவிட்டு வருபவர்கள், இழந்துவிட்டு வருபவர்கள்

வங்கிக் கவுன்டரில் இருப்பவருக்கு வாடிக்கையாளரின் கைபேசியும் ஓரளவு பழகிவிடும். ஓடிபி வரவில்லை, ஆப் திறக்கவில்லை என்று நம்மிடம்தான் நீட்டுவார்கள்.

பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று வாட்ஸ்அப்பில் புரளி பரவி, கடைக்காரர்கள் வாங்க மறுத்த காலம் பலருக்கும் நினைவிருக்கும். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்த பிறகும், நாணயங்களை முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு எங்கள் கிளைக்கு வந்தார்கள். பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள். “ஏந்தம்பி, இது செல்லுமா செல்லாதா? நீ சொன்னா நம்புறேன்” என்றார் பூ விற்கும் பாட்டி ஒருவர். வயதானவர்கள் எதையும் நம்பிவிடுவார்கள் என்ற பேச்சை அதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் கேட்கிறார்கள்.

நடுவயதுக்காரர்கள் கேட்பது குறைவு. ஃபேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்துப் பங்குச்சந்தை ‘டிப்ஸ்’ குழுவில் சேர்ந்து பணத்தை விட்டவர்கள், வீட்டுக்குத் தெரியக் கூடாதே என்றுதான் முதலில் பதறுகிறார்கள்.

கல்லூரிப் பிள்ளைகள் போனில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் கமிஷன் தருவதாக டெலிகிராமில் சொன்னவனுக்கு ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடுத்துவிட்டு, கணக்கு முடங்கிய பிறகு வருகிறார்கள். யாரோ ஏமாந்த பணம் அந்தக் கணக்கு வழியாகக் கைமாறியிருக்கும். விசாரணை பிள்ளையின் பெயருக்கு வரும். அம்மா பக்கத்தில் நின்று அழுவதைப் பார்க்க நெஞ்சு கனக்கும்.

பெரியவர்களின் அந்தக் கேட்கும் பழக்கத்தைத்தான் போலீஸ் போல நடித்து, உங்களைக் கைது செய்துவிட்டோம் என்று வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ கும்பல் முதலில் வெட்டுகிறது. வீடியோ காலைத் துண்டிக்காதே, யாரிடமும் சொல்லாதே என்கிறது. அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. அதனால் வைப்புத்தொகையை அவசரமாக உடைக்க வரும் பெரியவர்களை உட்காரவைத்து, “யாருக்கு அனுப்புறீங்க ஐயா?” என்று கேட்கிறேன். சிலர் கோபப்படுவார்கள். படட்டும்.

இளையவர்களிடம் இப்படிக் கேட்க எனக்கு வாய்ப்பே இல்லை. யுபிஐ வந்தபின் அவர்கள் கிளைப் பக்கம் வருவதில்லை. அதனால் கணக்கு தொடங்க வரும் அன்றே இரண்டு விஷயம் சொல்லி அனுப்புகிறேன்: கணக்கை யாருக்கும் இரவல் தராதே, பணம் போனால் வெட்கப்படாமல் அப்போதே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் செய். சீக்கிரம் சொன்னால், பணம் அடுத்த கைக்குப் போகுமுன் நிறுத்த வழி உண்டு.