குளச்சல் சுவரும் குமரியின் ராப்பும்

எங்கள் ஊர்ச் சுவர்களில் கட்சிச் சின்னம் இருக்கும், இல்லையென்றால் விளம்பரம். குளச்சல் பக்கத்துப் பையன்கள் சிலர் அங்கே 2017 ஒக்கி புயலில் கரை திரும்பாத மீனவர்களை வரைந்திருக்கிறார்கள். பெயிண்ட் அவர்களது கைக்காசு. ஒரு தாயின் கண்களை மட்டும் ஆள் உயரத்துக்குத் தீட்டியிருக்கிறார்கள். கடக்க முடியாமல் நின்றுவிட்டேன்.

அவர்களில் ஒருவன் ராப்பும் பாடுகிறான், அசல் குமரிப் பேச்சில். ராப்பின் தாய்வீடான ஹிப் ஹாப் 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்தது, சரி. ஆனால் புலவர் கதை சொல்ல, பக்கப்பாட்டுக்காரர் 'ஆமாம்' போட, குடமும் உடுக்கையும் தாளம் கட்டும் வில்லுப்பாட்டைக் கோயில் கொடை விழாக்களில் விடிய விடியக் கேட்ட மண் இது. அவனுக்கு மேடை கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மதிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். வடசேரி, மார்த்தாண்டம் பக்கம் மதில் தரக்கூடியவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.