டிஸ்டன்ட் ஹைபிரிடைசேஷன் பாடம்: கலப்பு எங்க முறியுதுன்னு பிடிச்சிட்டா மார்க் கைக்கு வந்துரும்

நெட் எக்ஸாமுக்கு ஜெனிட்டிக்ஸ் அண்ட் பிளான்ட் பிரீடிங் படிக்கிற நம்ம நாரோயில், தக்கலை பக்கத்து பிள்ளைங்க நிறைய பேரு இந்த பாடத்த, அதாவது தூரத்து சொந்தமான செடிகள கலக்கதப் பத்தின பாடத்த, எப்படி படிக்கதுன்னு கேக்காங்க, நான் படிச்சு பாஸான விதத்த அப்படியே சொல்றேன். எல்லாரும் ஜீன் பேரா மனப்பாடம் பண்ணுவாங்க, ரெண்டு நாள்ல எல்லாம் கலங்கிரும். ஒவ்வொரு உதாரணத்தையும் எடுத்து வச்சு இது எந்த ஸ்டேஜ்ல முறியுதுன்னு மட்டும் கேளுங்க மக்கா, ஜீனும் அதுக்கான வைத்தியமும் பின்னாலயே வரும்.

கரு உண்டாகதுக்கு முன்னாடியே முறியது சின்ன பகுதிதான், சட்டுனு முடிச்சிரலாம். கோதுமைல கேஆர்1 (5பி குரோமோசோம்), கேஆர்2 (5ஏ)ன்னு ரெண்டு ஜீன், இதுக டாமினன்டா இருந்தா ரைங்கற தானியத்தோட மகரந்தக் குழாய் உள்ள போவாது, சைனீஸ் ஸ்பிரிங் ரகத்துல ரெண்டும் ரிசஸிவ், அதனாலதான் அது ரையோட சுலபமா சேருது.

அடுத்தது எண்டோஸ்பெர்ம், அதாவது விதைக்குள்ள கருவுக்கு தீனி குடுக்குற பகுதி, இங்க நேரம் செலவழிங்க. எண்டோஸ்பெர்ம்ல தாய் பங்கு ரெண்டு, தகப்பன் பங்கு ஒண்ணுன்னு இருக்கணும், அந்த கணக்கு குலைஞ்சா கரு நல்லா இருந்தாலும் தீனி இல்லாம செத்துரும், விதை சுருங்கிப் போவும். உருளைக்கிழங்குல 1980ல வந்த ஈபிஎன் (எண்டோஸ்பெர்ம் பேலன்ஸ் நம்பர்) கருத்து இதுதான், ஈபிஎன் ஒத்துப்போனாதான் கலப்பு நிக்கும். சொலானம் அக்காலேங்கற காட்டு உருளை 4எக்ஸ் (நாலு செட் குரோமோசோம்) ஆனா அதோட ஈபிஎன் 2, நம்ம சாப்பிடுற உருளையும் 4எக்ஸ்தான் ஆனா ஈபிஎன் 4, பிளாய்டி (செட் எண்ணிக்கை) ஒண்ணா இருந்தும் நேரா சேராது, அதே அக்காலே 2 ஈபிஎன் உள்ள டிப்ளாய்டு (ரெண்டு செட்) இனத்தோட சேரும். இந்த ஒரு உதாரணத்த பேப்பர்ல வரைஞ்சு பாத்தாலே முழு கருத்தும் புரிஞ்சிரும். வைத்தியம் எம்ப்ரியோ ரெஸ்க்யூ, 1925லயே லைபாக்ங்கற விஞ்ஞானி ஆளிச் செடி இனங்கள கலந்து சுருங்கின விதைலேருந்து கருவ எடுத்து வளத்துட்டாரு.

பாசிப்பயறும் உளுந்தும் கலக்கும்போது பயறு தாயா இருந்தா விதை பிடிக்கும், உளுந்த தாயா வச்சா கஷ்டம். அதனால எந்த கிராஸ படிச்சாலும் தாய் எது தகப்பன் எதுன்னு எழுதியே படிங்க.

விதை முளைச்சு செடி வந்த பொறவு இலை கருகிச் சாவதுக்குப் பேரு ஹைபிரிட் நெக்ரோசிஸ். இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. பேட்சன்ங்கற விஞ்ஞானி 1909ல சொல்லி, டாப்ஜான்ஸ்கியும் முல்லரும் பொறவு விரிச்ச மாடல்: மூதாதை ஏஏபிபி எல்லாமே சின்ன எழுத்துன்னு வச்சுக்கிடுங்க, ஒரு கிளைல சின்ன ஏ பெரிய ஏ ஆச்சு, இன்னொரு கிளைல சின்ன பி பெரிய பி ஆச்சு, அவங்கவங்க செடில ஒரு குறையும் இல்ல, ஆனா பெரிய ஏவும் பெரிய பியும் முதன்முதலா ஒரே செல்லுல சந்திக்கது எஃப்1ங்கற முதல் தலைமுறை கலப்புச் செடிலதான், அங்கதான் மோதல். கோதுமைல என்இ1, என்இ2ங்கற ரெண்டு ஜீனும் அப்படித்தான், இதுல என்இ2ங்கறது துரு நோய எதுக்குற எல்ஆர்13 ஜீனேதான்னு 2021ல நிரூபிச்சாங்க. நோய எதுக்க வேண்டிய ஜீன் சொந்த செடியவே தாக்குதுன்னு படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

கடைசி, செடி செழிப்பா நிக்கும் ஆனா விதை கட்டாது. இதுல ரெண்டு வகை, குழப்பிக்கிடாதீங்க. கார்ப்பெச்சென்கோங்கற விஞ்ஞானி முள்ளங்கியையும் முட்டைகோஸையும் கலந்தாரு, 9 குரோமோசோமும் 9 குரோமோசோமும் சேந்து 18, ஜோடி சேர ஆள் இல்லாம மலடு, எண்ணிக்கை 36 ஆனதும் ஒவ்வொண்ணுக்கும் ஜோடி கிடைச்சு விதை வந்துட்டு. இது குரோமோசோம் மலட்டுத்தன்மை, குரோமோசோம டபுள் பண்ணுற கோல்சிசின் மருந்து போட்டா தீரும். ஜீன் மோதலால வந்த மலட்டுத்தன்மை டபுள் பண்ணாலும் தீராது, மோதுற ஜீன் அங்கயேதான இருக்கு. நம்ம தோட்டத்து நேந்திரன் வாழை ஏஏபி, அக்யூமினேட்டாங்கற காட்டு வாழைலேருந்து ரெண்டு செட்டு, பல்பிசியானாங்கற இன்னொரு காட்டு வாழைலேருந்து ஒரு செட்டு, இந்த மூணு செட்ட மியோசிஸ்ல (மகரந்தமும் முட்டையும் உண்டாகுற செல் பிரிவுல) சமமா பிரிக்க முடியாதுன்னு யோசிச்சா டிரிப்ளாய்டு (மூணு செட்) மலடு மறக்கவே மறக்காது.

லேப் வாய்ப்பு கிடைச்சா எஃப்1 பூவோட மகரந்தத்த அசிட்டோகார்மைன்ங்கற சாயத்துல போட்டு மைக்ராஸ்கோப்புல பாருங்க, உயிருள்ளது உருண்டையா செவந்து நிக்கும், மலடு வெளிறி நசுங்கிக் கிடக்கும். லேப் இல்லன்னா கும்பப்பூ போகத்துல கதிர் வந்த நேரம் வயல்ல ஒரு கதிர எடுத்து நெல்லு எத்தன பதர் எத்தனன்னு எண்ணிப் பழகுங்க, பதர் வாரதுக்கு வேற காரணமும் உண்டு, ஆனா நெல் கலப்புல மலட்டுத்தன்மைய அளக்கதும் இப்படித்தான். அதோட சேத்து நெல்லுல உள்ள எஸ்5ங்கற ஜீன் இடத்தப் படிங்க: இண்டிகா, ஜப்போனிகாங்கற ரெண்டு நெல் வகையும் சேந்தா அங்க உள்ள ஓஆர்எஃப்5, ஓஆர்எஃப்4ங்கற ஜீன்கள் சேந்து கொல்லும், ஓஆர்எஃப்3 காப்பாத்தும், அது இல்லாத பெண் கேமீட் (முட்டை செல்) செத்துரும், எஸ்5-என்ங்கற அலீல் (ஜீனோட ஒரு வடிவம்) உள்ள ரகம் ரெண்டு பக்கமும் ஒத்துப்போவும்.

நெகட்டிவ் மார்க் இருக்கதால சந்தேகமான ஆப்ஷன்ல ஸ்டேஜ் பொருந்துதான்னு முதல்ல பாருங்க, விதை சுருங்குதுன்னு கேள்வி சொல்லி கோல்சிசின்னு பதில் குடுத்திருந்தா அத அப்பவே அடிச்சிரலாம்.