விழுந்த மரத்துக்கு யார் பணம் கொடுப்பது?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மறுநாள் காலையில் கதவைத் திறந்து பார்த்தபோது, எங்கள் தெருவில் நாற்பது ஆண்டுகளாக நிழல் தந்த தூங்குமூஞ்சி மரம் ஒரு மின்கம்பத்தையும் ஒரு வீட்டின் சுற்றுச்சுவரில் பாதியையும் இழுத்துக்கொண்டு குறுக்கே கிடந்தது. நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்திருந்த நிலையில், எங்கள் முறை அன்றைக்கே வந்துவிடாது என்பது யாரும் சொல்லாமலே விளங்கியது. பக்கத்துத் தெருவில் அறுப்பு மெஷினோடு வேலை செய்துகொண்டிருந்த ஒருவரை அழைத்து வந்தோம். நான்கு ஆட்களுக்கும் மெஷினுக்கும் சேர்த்து எட்டாயிரம் ரூபாய் என்று பேசி முடித்தோம்.

குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளர் என்ற முறையில் பணம் நான்தான் கொடுக்க வேண்டும். பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. என் கையில் இருந்தவை நான்கு இரண்டாயிரம் ரூபாய் நோட்டுகள். அவர் அவற்றைத் தொடவே இல்லை. "சார், ஆளுக்கு ஆயிரம் கூலி தரணும், இதை எங்க போய் மாத்துறது? நூறு நூறா குடுங்க" என்றார். பிறகு வீடு வீடாகச் சென்று நூறு ரூபாய் நோட்டுகளாகச் சேர்த்தோம். கோடி வீட்டுப் பாட்டி, திருப்பதிக்கென்று மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்ததைப் பிரித்து எண்ணிக் கொடுத்தார். ஏற்கெனவே இருக்கும் சொத்து அன்றைய காலைக்குப் பயன்படாமல் போகலாம் என்பதை அன்று நேரில் பார்த்தேன். ஒரு மாநகரம் புயலுக்குப் பின் எப்படிப் பணம் புரட்டுகிறது என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டதும் அன்றுதான்.

பெருநகர சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். 15 மண்டலங்கள், 200 வார்டுகள். சொத்து வரி, தொழில் வரி, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வரும் பகிர்வு ஆகியவை அதன் முக்கிய வரவுகள். இந்த வரவில் பெரும்பங்கு சம்பளம், ஓய்வூதியம், குப்பை அகற்றும் ஒப்பந்தங்கள், கடன் வட்டி என்று முன்பே பேசி வைத்த செலவுகளுக்குப் போய்விடுகிறது. சொத்து வரியையும் நினைத்தபோது உயர்த்த முடிவதில்லை. 1998இல் திருத்தப்பட்ட வரி 2018இல் உயர்த்தப்பட்டு, எதிர்ப்பு எழுந்ததால் 2019இல் அந்த உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டு, 2022இல்தான் மறுபடி உயர்ந்தது. வர்தாவின்போது நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது ஏறத்தாழ இருபது ஆண்டுக்கு முந்தைய வரி என்பதை மறந்துவிட்டு மாநகராட்சியைக் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சாதாரண நாளில் ஒரு லாரியை வாடகைக்கு எடுப்பதற்கே ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். ஆனால் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், அரசு அறிவிக்கும் இயற்கைப் பேரிடர்களுக்கும் அவசர நிலைகளுக்கும் விலக்கு அளிக்கிறது. நடைமுறையில் இதன் பொருள், இளநிலைப் பொறியாளர் தமக்குத் தெரிந்த ஒப்பந்ததாரரைத் தொலைபேசியில் அழைத்து, இரண்டு ஜேசிபியும் நான்கு லாரியும் உடனே வேண்டும், பில்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வதுதான். எந்த லாரி எத்தனை நடை அடித்தது, ஜேசிபி எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு முதலில் ஒரு துண்டுச் சீட்டிலும் பிறகு எம்.புக் எனப்படும் அளவுப் புத்தகத்திலும் ஏறுகிறது. அந்தப் புத்தகத்தில் ஏறாத நடைக்குக் காசு கிடையாது. ஆகவே மழையில் நனைந்த துண்டுச் சீட்டுக்குப் பின்னாளில் பெரிய மதிப்பு வந்துவிடுகிறது.

இதை யோசித்துப் பார்த்தால், புயலடித்த நகரத்துக்கு முதல் கடன் கொடுப்பவர் ஒப்பந்ததாரர்தான் என்பது விளங்கும். டீசலும் கூலியும் அன்றைக்கே அவர் கையிலிருந்து போகின்றன. பில் என்றைக்குப் பாஸாகும் என்பது அவருக்குத் தெரியாது. வேறோர் ஊரின் நகராட்சியில் வேலை எடுக்கும் நண்பர் ஒருவர், வெள்ளத்தின்போது ஓட்டிய மோட்டார்களுக்கான தொகையை இரண்டு ஆண்டு கழித்துத்தான் பார்த்தார். அடுத்த முறை ஒப்பந்தப்புள்ளியில் விலை குறித்தபோது இந்தத் தாமதத்துக்கும் சேர்த்துத்தான் போட்டதாக அவர் மறைக்காமலே சொன்னார். கடன் பத்திரம் எழுதாமலே நகரம் வட்டி கட்டும் வழி இது. எந்த வரவு செலவுத் திட்டத்திலும் அந்த வட்டி தனித் தலைப்பாகத் தெரியாது.

மாநகராட்சிக்கு மேலே இருக்கும் பணப்பெட்டிகள் இரண்டு. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி அமைந்த மாநிலப் பேரிடர் நிவாரண நிதி ஒன்று. தேசியப் பேரிடர் நிவாரண நிதி மற்றொன்று. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை மாநில நிதியில் 75 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 25 விழுக்காட்டை மாநில அரசும் போடுகின்றன. 2023-24இல் இது ஒன்றிய அரசின் 900 கோடியும் மாநிலத்தின் 300 கோடியுமாக மொத்தம் 1,200 கோடி ரூபாய். சென்னைக்கு மட்டுமன்றி மாநிலம் முழுமைக்கும், புயலுக்கு மட்டுமன்றி வெள்ளம், வறட்சி அனைத்துக்கும், ஓர் ஆண்டு முழுவதற்கும் இதே பணம்தான். இதில் எதுவும் மாநகராட்சியின் கணக்குக்கு நேரே வருவதில்லை. வருவாய்த் துறை வழியாக, கேட்டு, நியாயப்படுத்தி, ஒப்புதல் பெற்றுத்தான் வாங்க வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தலா 6,000 ரூபாயை ரேஷன் கடைகளின் வழியாக மாநில அரசு ரொக்கமாக வழங்கியது. அந்த ஒரு செலவே ஆயிரம் கோடியைத் தாண்டியது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றவர்களுக்கு அந்தப் பணம் எவ்வளவு தேவைப்பட்டது என்பதை வரிசையில் நின்றவர்களிடம் கேட்டால் தெரியும். ஆனாலும் கணக்கு எழுதுபவனாகப் பார்க்கும்போது, ஓர் ஆண்டின் பெட்டி ஏறக்குறைய ஒரே வாரத்துக்கான நிவாரணத்துக்குச் சமமாகிவிட்டது கண்ணில் படாமல் இருக்காது. சேறு அள்ளவும் உடைந்த வடிகாலைக் கட்டவும் வேறு எங்கிருந்தாவது பணம் வர வேண்டும்.

பெட்டி போதாதபோது தேசிய நிதியிடம் கேட்கிறார்கள். ஒன்றியக் குழு வந்து பார்வையிடுகிறது. மாநிலம் கோரிக்கை மனு தருகிறது. சில மாதங்கள் கழித்து ஒன்றிய அரசின் உயர்நிலைக் குழு ஒரு தொகையை ஒப்புக்கொள்கிறது. வர்தாவுக்கு மாநிலம் கேட்டது 22,573 கோடி. 2017இல் தேசிய நிதியிலிருந்து ஒப்புதலானது 264.11 கோடி, அதாவது நூற்றுக்கு ஒன்றும் சொச்சமும். மிக்ஜாமுக்குக் கேட்டது 19,692 கோடி. 2024 ஏப்ரலில் ஒப்புதலானது 285.54 கோடி, கைக்கு வந்தது 115.49 கோடி. ஒப்புதலுக்கும் கைக்கு வந்ததற்கும் ஏன் வேறுபாடு என்றால், ஆண்டுத் தொடக்கத்தில் மாநில நிதியில் இருந்த இருப்பில் பாதியைக் கழித்துக்கொள்வது விதி. பணத்தை மிச்சப்படுத்தி வைத்திருக்கும் மாநிலத்துக்கு அந்த மிச்சமே பிடித்தமாக முடிகிறது.

இந்த இடைவெளியை வைத்து இரு தரப்பும் ஆண்டுதோறும் மேடையில் பேசுகின்றன. மிக்ஜாமுக்குப் பின் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்கே சென்றது. எனக்குத் தோன்றுவது என்னவென்றால், இரு தரப்பும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதில்லை. மிக்ஜாம் மனுவில் 7,033 கோடி தற்காலிகச் சீரமைப்புக்கும் 12,659 கோடி நிரந்தரச் சீரமைப்புக்கும் கேட்கப்பட்டது. தேசிய நிதியின் விதிகளோ அப்போது உடனடிச் சீரமைப்பை மட்டுமே அறிந்திருந்தன. வர்தா காலத்தில் நடப்பில் இருந்த விலைப்பட்டியலின்படி, சாய்ந்த மின்கம்பம் ஒன்றுக்கு 4,000 ரூபாய். பழுதான மின்மாற்றிக்கு ஒரு லட்சம். மாநில நெடுஞ்சாலையில் கிலோமீட்டருக்கு ஒரு லட்சம், மற்ற சாலைகளுக்கு 60,000. அறுபதாயிரம் ரூபாயில் ஒரு கிலோமீட்டர் சென்னைச் சாலையில் குழிகளை மூடலாம், அவ்வளவுதான். எங்கள் தெருவில் சாய்ந்த கம்பத்தின் இடத்தில் புதுக்கம்பத்தை நட்டு, கம்பி இழுத்து, வேறு மாவட்டத்திலிருந்து வந்த ஊழியர்கள் இரவு பகலாக வேலை செய்ததற்கு நாலாயிரம் ரூபாய் எந்த மூலைக்கு?

ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பரில், தமிழ்நாட்டுக்கு 944.80 கோடி ரூபாய் விடுவிக்கப்பட்டதாகச் செய்தி வந்ததும் எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் சிலர் மகிழ்ந்தார்கள். அந்தப் பணம் மாநில நிதிக்கு ஒன்றிய அரசு ஆண்டுதோறும் தர வேண்டிய பங்கின் இரு தவணைகள். புயல் வராவிட்டாலும் வரவேண்டிய பணம், புயலோடு வந்ததால் புயலுக்கான பணமாகப் பெயர் பெற்றது.

நிரந்தரமாகக் கட்டுவதற்குத் தனி வழி உண்டு. கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் மழைநீர் வடிகால் அமைக்க ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் தந்தது. கோவளம் படுகைக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கி. வடிகால் கட்டக் கடன் கிடைக்கிறது. அந்த வடிகாலில் அடைத்த சேற்றை அள்ளவோ, அதன்மேல் விழுந்த மரத்தை அறுக்கவோ யாரும் கடன் தருவதில்லை. அது அன்றாடச் செலவு. ஆகவே அது அடுத்த ஆண்டின் சாலைப் பணியிலிருந்தோ பூங்காப் பராமரிப்பிலிருந்தோ சத்தமில்லாமல் கழிகிறது. எங்கள் தெருவில் மரம் பெயர்த்தெறிந்த நடைபாதை மூன்று ஆண்டுகள் அப்படியே கிடந்ததற்கு நான் கண்டுபிடித்த விளக்கம் இதுதான்.

அண்மைக் காலத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது. அக்டோபர் பிறந்ததும், தாழ்வான தெருமுனைகளில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் பொருத்திய டிராக்டர்கள் வந்து நிற்கின்றன. மழைக்காலம் முடியும்வரை வாடகைக்குப் பேசி மாநகராட்சி அவற்றை வரவழைக்கிறது. சென்ற ஆண்டு எங்கள் பகுதியில் நின்ற டிராக்டரின் ஓட்டுநர் பகலெல்லாம் அதன் நிழலில் படுத்திருந்தார். மழையே பெய்யாத நாளுக்கும் வாடகையா என்று எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருவர் கொதித்தார். அந்த வாடகை அமைதியாக இருக்கும் நாளில் பேசப்பட்ட விலை, புயல் இரவில் தொலைபேசியில் பேசப்படும் விலை வேறு என்று நான் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

எங்கள் சங்கக் கணக்கில் அந்த எட்டாயிரம் ரூபாய் 'இதரச் செலவுகள்' என்ற தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது. மறு ஆண்டு முதல் வீட்டுக்கு நூறு ரூபாய் தனியாக வாங்கி, 'புயல்' என்ற தலைப்பில் எழுதி வருகிறேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் தெருவாசல் இரும்புக் கேட்டுக்கு வண்ணம் அடிக்க அதிலிருந்து எடுத்துத் தரும்படி செயலாளர் கேட்கிறார். இதுவரை தரவில்லை. அதில் ஒரு பகுதியை நூறு ரூபாய் நோட்டுகளாகவே என் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன்.